ஒரே எண்ணில் இரண்டு தொட்டிகள்

காசியம்மாள் தண்ணீர் திருடவில்லை. அவர் திருடியிருக்கலாம் என்று பொருள்படும் ஒரு வரியை அறிக்கையில் எழுதியவன் நான். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். பிழை என் கையால் நடந்தது. எந்தப் பெட்டியில், எந்த சுவிட்சில் என்பது வரைக்கும் தெரியும்.

நான் போளூர்க்காரன். டேட்டா லாகர் கருவிகள் பொருத்தும் சிறிய நிறுவனம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது இந்த வேலையில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். ஒயரிங் பற்றியும் கொஞ்சம் வரும். அதைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. மூடியில் ஒன்று

ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம், அடுத்தடுத்து இரண்டு சிற்றூர்கள். உண்மைப் பெயர்களை விட்டுவிட்டு மேலூர், கீழூர் என்று எழுதுகிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு போர்வெல், அதையொட்டி பம்ப் ரூம். அங்கிருந்து மேலே நானூறு மீட்டரில் மேலூர்த் தொட்டி, கீழே ஐந்நூறு மீட்டரில் கீழூர்த் தொட்டி. ஒவ்வொன்றும் முப்பதாயிரம் லிட்டர். மோட்டாரைப் போடுவது, எந்தத் தொட்டிக்கு வால்வைத் திறப்பது எல்லாம் காசியம்மாள். தற்காலிகப் பணியாளர். தொட்டியின் இரும்புக் குழாயில் கல்லால் தட்டி, சத்தத்தை வைத்தே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

தட்டுவதற்குப் பதிலாக மீட்டர் வைக்க எங்களை அனுப்பினார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு லெவல் சென்சார், அதன் அளவை லாகருக்குச் சொல்ல, மூடியுள்ள ஒரு பெட்டிக்குள் ஆர்.எஸ்.485 மாட்யூல். பம்ப் ரூமில் லாகர். அது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தொட்டிகளின் அளவையும் படித்து, சிம் கார்டு வழியாக மலையடிவாரத்தில் இருக்கும் குடிநீர்த் திட்ட ஆபீசுக்கு அனுப்பும். ஒரே ஜோடி முறுக்குக் கம்பி இந்தத் தொட்டியிலிருந்து பம்ப் ரூம் வழியாக அந்தத் தொட்டி வரை போகிறது. ஏ-யோடு ஏ, பி-யோடு பி. கம்பியின் இரு முனைகளிலும் நூற்றிருபது ஓம் ரெசிஸ்டர். அவ்வளவுதான்.

எல்லா மாட்யூலும் ஒரே கம்பியில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். வகுப்பில் ஆசிரியர் வருகை எடுப்பது போல, லாகர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். அந்த எண்ணுக்கு உரியது மட்டும் பதில் சொல்லும். எண்ணை மாட்யூலுக்குள் இருக்கும் டிப் சுவிட்சில் வைப்போம். முதல் சுவிட்சைத் தூக்கினால் ஒன்று, இரண்டாவதைத் தூக்கினால் இரண்டு. இரண்டு மாட்யூலுக்கு ஒரே எண் வைக்கக்கூடாது. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

மேலூர்ப் பெட்டியின் மூடியில் 1 என்றும் கீழூர்ப் பெட்டியில் 2 என்றும் பெயிண்ட் அடித்துக் கொண்டுபோனேன். கீழூர் ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த்தலைவர், தொட்டியின் ஏணிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"பொட்டி வெய்யுங்க, தாராளமா வெய்யுங்க. ஆனா ரெண்டுன்னு எழுதின பொட்டி எங்க டேங்க்ல ஏறாது."

"அது வெறும் நம்பர்தானுங்க."

"வெறும் நம்பர்தானே? அப்போ ஒண்ணு போடுங்க."

"ஒண்ணு மேலூருக்குப் போட்டாச்சுங்களே."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

காசியம்மாள் என்னை ஓரமாக அழைத்துப்போய் விளக்கினார். இரண்டு ஊருக்கும் ஒரே அம்மன் கோயில். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் பழைய தகராறு. முடிவில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். "ரெண்டு தட்டு சார். ரெண்டு பூசாரி ஒண்ணா தூக்குவாங்க. ஒருத்தரு கை கொஞ்சம் முன்னாடி போச்சுன்னா அது செல்லாது, மறுபடி மொதல்லேர்ந்து தூக்கணும். போன தபா நாலு வாட்டி தூக்கினாங்க. சூடமே தீந்து போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கீழூர் மூடியில் இருந்த 2-ஐ அழித்து 1 என்று அடித்தேன். உள்ளே சுவிட்சை மாற்றவில்லை. மூடியில் ஒன்று, உள்ளே இரண்டு. லாகருக்கும் திருப்தி, ஊருக்கும் திருப்தி. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டே மலையிறங்கினேன்.

2. உள்ளே இரண்டு

ஒப்படைப்பு நாளில் ஆபீஸ் பொறியாளரின் ஜீப் புதூர்நாட்டிலிருந்து கிளம்பிவிட்டது என்று போன் வந்தது. இரண்டு ஊர்க்கவுண்டர்களின் கையெழுத்தும் வாங்கினால் வேலை முடிந்தது. மேலூர்க்காரர் போட்டுவிட்டார். கீழூர்க்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"மேல பொட்டிய பாத்துட்டுதான் வர்றேன். அங்க மொத கட்ட தூக்கினுக்குது. இங்க ரெண்டாவது கட்ட தூக்கினுக்குது. இன்னா சார் இது? மூடியில ஒண்ணு, வயித்துல ரெண்டா?"

என்ன சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஜீப் சத்தம் வளைவில் கேட்டது. நான் பேனா முனையால் இரண்டாவது சுவிட்சை இறக்கி முதல் சுவிட்சைத் தூக்கினேன். அவர் குனிந்து பார்த்தார், இரண்டு முறை பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

பக்கத்தில் நின்ற காசியம்மாள் மெல்லக் கேட்டார்: "சார், இப்டி மாத்தினா வேல கெட்டுப் போவாதா?"

அந்த மாட்யூல் சுவிட்சைப் படிப்பது பவர் வரும்போது மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் பழைய எண்ணிலேயே பேசிக்கொண்டிருக்கும். அதை அவரிடம் சொன்னேன். "கரண்ட் போய் வந்தாதான்ம்மா மாறும். ரெண்டு நாள்ல வந்து சரி பண்ணிடுவேன்."

"கரண்ட் போவாம இருக்க இது இன்னா வேலூரா?"

பொறியாளர் வந்தார். லாகர் திரையில் இரண்டு தொட்டிகளின் அளவும் அழகாகத் தெரிந்தது. கைதட்டினார்கள். நாங்கள் மலையடிவாரத்தைத் தொடுவதற்கு முன்பே மலையில் கரண்ட் போய்விட்டது.

நான் இரண்டு நாளில் போகவில்லை. வேறு ஊரில் வேறு வேலை வந்தது. ஐந்து வாரம் ஓடிவிட்டது.

3. வராத தண்ணீர்

கரண்ட் திரும்பியபோது இரண்டு மாட்யூலும் ஒன்றாம் எண்ணோடு விழித்துக்கொண்டன. லாகர் "ஒன்று" என்று கூப்பிட்டால் இரண்டும் பதில் சொல்லும். மோதிக்கொண்டால் லாகர் அதைக் குப்பை என்று தள்ளிவிட்டு மறுபடி கேட்கும். சில சமயம் ஒன்று கண்ணிமைக்கும் நேரம் முந்திக்கொள்ளும். அந்தப் பதில் பதிவாகும். ஆகவே மேலூர்த் தொட்டியின் பெயரில் ஒருமுறை மேலூரின் அளவும், அடுத்தமுறை கீழூரின் அளவும் பதிவாகின. இரண்டாம் எண்ணைக் கூப்பிட்டால் பதிலே இல்லை. அது பூஜ்யம் என்று பதிவானது.

இரண்டு ஊரிலும் தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில், கீழூர்த் தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. மேலூர்த் தொட்டி தொண்ணூறு சதவீதம் நிறைந்து, பத்து நிமிடத்தில் இருபதாகக் குறைந்து, அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி தொண்ணூறாகிறது. அங்கே ஒருவர் கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். நாள் ஒன்றுக்குச் சுமார் பதினைந்து லட்சம் லிட்டர் மாயமாகிறது என்று வந்தது.

பொறியாளர் என்னை அழைத்துக்கொண்டு மலையேறினார். மறைவான குழாய் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு ஆட்கள் கடப்பாறையோடு வந்தார்கள். தொட்டியைச் சுற்றித் தோண்டினார்கள். பிறகு காசியம்மாளின் வீட்டுக்குப் போனார்கள். அங்கே இரண்டு குடம், ஒரு பக்கெட். கொல்லையில் அவரைப் பந்தல்.

"நல்லா பச்சையா இருக்கே" என்றார் பொறியாளர், என்னைப் பார்த்து.

காசியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். "அவரக்கா பச்சையா இல்லாம செவப்பாவா சார் இருக்கும்?"

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு லட்சம் லிட்டர்மா. ஆலங்காயம் டவுனுக்கே சப்ளை பண்ணலாம். எங்க போகுது?"

"எதுல புடிச்சி எங்க வெச்சேன்? நீங்களே தேடினீங்களே. நாள் முச்சூடும் மோட்டார் ஓடினாலும் இந்த போர்ல அத்தினி தண்ணி வராது சார்."

"அதான்மா பிரச்சனையே. வராத தண்ணிய எடுத்திருக்க."

பொறியாளர் சிரிக்காமல் சொன்னார். கடப்பாறைக்காரர்களும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும்தான் அது எவ்வளவு பெரிய அபத்தம் என்று தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது காசியம்மாள் சொன்னார்: "அன்னிக்கு கீழூரு பொட்டியில இந்த சார் சுவிட்ச்ச மாத்தினாரு. கரண்ட் போய் வந்தா மாறும்னு என்கிட்டயே சொன்னாரு. அன்னிக்கே கரண்ட் போச்சு. அதுவா இருக்கும் சார். கேளுங்க."

ஒரு பொறியாளர் கொடுக்கக்கூடிய மிகச் சரியான விளக்கத்தைத்தான் அவர் கொடுத்தார். பொறியாளர் என் பக்கம் திரும்பினார். "சுவிட்ச் மாத்தினீங்களா சார்?"

இருபத்தைந்து ஆண்டு அனுபவம். மலையில் இன்னும் பல ஊர்களுக்கு மீட்டர் வைக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வரவிருந்தது. 485 என்றால் என்னைக் கேட்கச் சொல்வார்கள். முதல் நாள் பாடத்தில் தவறிவிட்டேன் என்று, அதுவும் குழாயில் கல் தட்டுகிற ஒருவர் கண்டுபிடித்த பிறகு, சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அது டிஸ்பிளேக்கு சார். ரீடிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றேன்.

காசியம்மாள் என்னையே பார்த்தார். நான் கேபிளைப் பார்த்தேன்.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: "கருவிகள் சரியாக உள்ளன. களத்தில் மனிதத் தலையீடு இருந்திருக்க வாய்ப்புள்ளது." திங்கட்கிழமை அவரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நான் கேபிள் சோதனை என்ற பெயரில் தனியாகப் போய், கீழூர்ப் பெட்டியின் சுவிட்சை இரண்டுக்கு மாற்றி, பவரை நிறுத்திப் போட்டேன். மூடியை யாரும் திறக்காதபடி ஈயக் குண்டு வைத்து சீல் அடித்தேன்.

இதன் விளைவை நான் யோசித்திருக்கவில்லை. செவ்வாயிலிருந்து வரைபடம் ஒழுங்கானது. அதாவது, காசியம்மாளை நிறுத்திய மறுநாளே திருட்டு நின்றுவிட்டது. என் பொய்யை என் லாகரே நிரூபித்துக் கொடுத்தது. அந்த வரைபடத்தைக் கூட்டத்தில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள்: நடவடிக்கைக்கு முன், நடவடிக்கைக்குப் பின். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.

சில ஆண்டுகளில் நான் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசாரத்தில் நிறுவனத்தார் நினைவுப் பரிசு தந்தார்கள். பிரித்துப் பார்த்தால், அதே வரைபடம், தங்கநிறச் சட்டம் போட்டு.

4. சட்டம் போட்ட வரைபடம்

என் மனைவி அதைக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்டார்கள். "மலையில ஒரு தண்ணித் திருட்டைக் கண்டுபிடிச்சாங்க இவங்க" என்று மனைவி சொல்லுவார். வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பார். ஒரு வெள்ளியன்று துடைத்துவிட்டு அதன் சட்டத்திலும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். அன்று அதைக் கழற்றிப் பையில் வைத்தேன். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சுவரிலிருந்த ஆணியைப் பிடுங்கினார். பிறகு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. காசியம்மாள் வீட்டு வாசலில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "மீட்டரு சாரா? வாங்க" என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல நா எங்க இருக்கேன்?"

கோடு ஏறி இறங்கிக்கொண்டே வந்து நேராகிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். "இங்க."

அவர் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி புளியைத் தட்ட ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட எதுக்கு கேக்கற?" என்றார். வாங்க என்றவர், கேக்கற என்று இறங்கிவிட்டார். அது நியாயம் என்று எனக்கும் பட்டது. "நா எடுக்கலன்னு எனக்கு தெரியும். தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு. என் பொண்ணுக்கு பாத்த எடம் தட்டிப் போச்சு. தண்ணி திருடன வூட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்னு வெத்தல மாத்தற அன்னிக்கு சொல்லி அனுப்பினாங்க. அப்புறம் ஆலங்காயத்துல குடுத்தேன், அவ நல்லாத்தான் இருக்கா. அது வேற."

5. இரண்டு போர்ட்

அடுத்த வாரம் இரண்டு ஊராரையும் பம்ப் ரூம் முன்னால் கூட்டினேன். வீட்டிலிருந்து இரண்டு மாட்யூல், பக்கெட்டுக்குப் பொருந்தும் இரண்டு சிறிய சென்சார், ஒரு பேட்டரி, எண் காட்டும் ஒரு டிஸ்பிளே கொண்டுபோயிருந்தேன். ஒரு பக்கெட்டில் நிறையத் தண்ணீர், ஒன்றில் அடியில் மட்டும். இரண்டு மாட்யூலுக்கும் ஒரே எண் வைத்து, பவர் கொடுத்தேன். டிஸ்பிளேயில் 90 வந்தது. 20 வந்தது. மறுபடி 90. பக்கெட்டைத் தொட ஆளே இல்லை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"பக்கெட்டு தண்ணி எங்கியும் போவலியே!" என்றார் ஒருவர்.

"இதுதான் நடந்தது" என்று சொல்லி, சுவிட்சை மாற்றியதையும், பிறகு ரகசியமாக இரண்டுக்குத் திருப்பியதையும் சொன்னேன்.

கீழூர் ஊர்க்கவுண்டர் எழுந்தார். வயதாகியிருந்தது, குரல் மாறவில்லை. "ஒம்பது வருஷமா எங்க பொட்டிக்குள்ள ரெண்டா?"

"ஆமாங்க, அப்போதான் மீட்டர்..."

"சீல் வேற அடிச்சி ஏமாத்தியிருக்க!"

மேலூர் பக்கமிருந்து யாரோ, "அப்போ நாங்கதான் ஒண்ணு, சர்க்கார் கம்பியூட்டர்லயே கீது" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை. போன திருவிழாவில் யார் தட்டு முந்தியது என்பதுவரைக்கும் போனார்கள். காசியம்மாள் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அவர் வால்வு மேடையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தாடையைத் தாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் தாங்காமல் நான் பம்ப் ரூமுக்குள் போய் லாகரைத் திறந்தேன். இனி வருவதை இந்த வேலை பார்ப்பவர்கள் கவனித்துப் படிக்கவும். அந்த லாகரில் இரண்டு 485 போர்ட் இருந்தன. இரண்டாவது போர்ட்டில் தூசி படிந்திருந்தது. லாகர் இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் இருப்பதால், கீழூர்க் கம்பியைக் கழற்றி இரண்டாவது போர்ட்டில் கொடுத்து, லாகர் பக்கம் கம்பிக்கு ஒரு நூற்றிருபது ஓம் ரெசிஸ்டர் வைத்தால், இரண்டு ஊரும் தனித்தனிக் கம்பி. தனிக் கம்பி என்றால் இரண்டு மாட்யூலும் ஒன்றாம் எண்ணிலேயே இருக்கலாம். மோதல் கிடையாது, பொய் கிடையாது. கீழூர்ப் பெட்டியின் சீலை அவர்கள் முன்னாலேயே உடைத்து, இரண்டாவது சுவிட்சை இறக்கி முதல் சுவிட்சைத் தூக்கி, பவரை நிறுத்திப் போட்டு, கம்பியை மாற்றி, செட்டிங்கில் போர்ட்டையும் எண்ணையும் மாற்றினேன். நடை நேரத்தைக் கழித்தால் ஐந்து நிமிட வேலை.

இரண்டு ஊர்க்கவுண்டர்களும் இரண்டு பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

ஒன்பது ஆண்டுக்கு முன்பே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாததற்குக் காரணம், அவர்கள் கேட்டதை நான் ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்ளவில்லை. மலைக்காரர்களின் கூத்து என்று எடுத்துக்கொண்டேன். சிரித்துவிட்ட விஷயத்துக்கு யாரும் விடை தேடுவதில்லை. நான் கற்றது அதுதான். சைட்டில் ஒருவர் கேட்பது விசித்திரமாக இருந்தால், முதலில் மேனுவலை எடுத்து, அதைச் செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லோரும் கலைந்தபின் காசியம்மாள் இறங்கி வந்தார். "பாத்தியா? அவங்க சண்ட தீந்துது. என் பேச்சு வந்துதா?"

"வரலைம்மா."

"கூட்டத்துல சொன்னா அப்டித்தான். வூடு வூடா போவணும். யார் யாரு என் காதுபட பேசினாங்களோ அந்த வூட்டுக்கு. நா கூட்டினு போறேன். அந்த பக்கெட்ட எட்துக்கோ."

6. ஏழு வீடுகள்

விரல் மடக்கி எண்ணிச் சொன்னார்: ஏழு வீடு. மூன்று நாள் பிடித்தது. நான் பேட்டரிப் பையும் மாட்யூலும் தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கெட்டையும் ஒரு கையில் கோத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். தண்ணீரை அந்தந்த வீட்டிலேயே கேட்டு வாங்கினோம்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண் என் கையைப் பார்த்ததும், "தண்ணி சுத்தம் பண்ற மிஷினா? வேணாம்பா" என்று சாத்திவிட்டார். காசியம்மாள் தட்டித் திறக்கவைத்தார். இரண்டாவது வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, தன் மோட்டார் ஏன் சூடாகிறது என்று கேட்டார். அதைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆனது. மூன்றாவது வீட்டில் நாய் சென்சார் ஒயரைக் கடித்தது. உட்கார்ந்து ஒட்டுப் போட்டேன்.

நான்காவது வீடு என்று போன இடத்தில், நான் சொல்லி முடித்ததும் வீட்டுக்கார அம்மாள் வாயில் கைவைத்தார். "காசி தண்ணி திருடினாளா? எங்களுக்கு தெரியாதே!"

"திருடலைங்க, அதைத்தான்..."

"அட, பாத்தா அப்டி தெரியலியே!"

வெளியே வந்ததும் காசியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்த வூடு இல்ல, பக்கத்து வூடு. இப்போ இவ நாலு பேருகிட்ட சொல்லுவா. மறுபடி உள்ள போ." மறுபடி போய், மறுபடி தண்ணீர் வாங்கி, முதலிலிருந்து காட்டினேன். அந்த அம்மாள் மூன்றாம் முறையும் பார்க்க ஆசைப்பட்டார்.

ஏழாவது வீடு அடுத்த ஊரில். சம்பந்தம் தட்டிப்போன வீடு. மாப்பிள்ளையாக வரவேண்டியவரின் தாயார் வாசலில் இருந்தார். உள்ளே மருமகள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பையை இறக்காமல் நின்றேன். இந்த உண்மை இந்த மருமகள் காதில் விழுந்து யாருக்கு என்ன நன்மை? திரும்பிக் காசியம்மாளைப் பார்த்தேன். அவரும் அந்தக் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நா எடம் கேட்டு வரல" என்றார் காசியம்மாள், அந்தத் தாயாரிடம். "உங்க மருமக மகராசியா இருக்கட்டும். இந்த பக்கெட்ட மட்டும் பாருங்க."

காட்டினேன். 90, 20, 90. அந்த அம்மாள் எண்களை விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்தார். நான் எழுதிய பொய்யையும் சொன்னேன். உள்ளே சோறூட்டும் கை நின்றது, மறுபடி தொடர்ந்தது.

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாய்யா?" என்றார் தாயார் என்னிடம். பிறகு காசியம்மாளிடம், "வெளியவே நிக்கறியே. உள்ள வா" என்றார்.

காசியம்மாள் உள்ளே போனார். நான் வாசலில் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, வெகுநேரம் பேசினார்கள்.

7. இல்லாத ஆணை

கடைசியாக ஆபீஸ். பழைய பொறியாளர் மாற்றலாகிப் போய்விட்டார். நடந்ததை எழுதி, கையெழுத்திட்டு, காசியம்மாளைப் பணிநீக்கம் செய்த ஆணையை ரத்து செய்யுமாறு கேட்டுக் கொடுத்தேன். சில வாரங்களில் பதில் வந்தது. தேடிப் பார்த்ததில் அப்படி ஒரு ஆணை பிறப்பிக்கப்படவே இல்லையாம்; இல்லாத ஆணையை ரத்து செய்ய இயலாதாம். வாயால் வரவேண்டாம் என்று சொன்னதோடு சரி. நீக்கம் தாளில் ஏறவே இல்லை.

மனம் உடைந்து அந்தப் பதிலைக் காசியம்மாளிடம் படித்துக் காட்டினேன். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"ஆர்டரே இல்லியா?"

"இல்லைன்னுதாம்மா எழுதியிருக்காங்க."

"அப்போ நா இன்னும் வேலையிலதான இருக்கேன்?"

மறுநாள் காலை பம்ப் ரூமுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். இத்தனை ஆண்டுகளாக வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மேலூர் ஊர்க்கவுண்டரின் தங்கை மகன். அவரையும் யாரும் ஆணை போட்டு நியமித்திருக்கவில்லை. கேட்கப் போனால் தன் விஷயம் வெளியே வருமே என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஆபீசிலிருந்து காசியம்மாள் பெயருக்கு ஒரு மெமோ வந்தது. ஒன்பது ஆண்டுகளாக முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராததற்கு விளக்கம் கேட்டு.

எனக்குப் போன் செய்தார். "மீட்டரு, வா. பதில் எழுதணும்."

அன்றே போனேன். பம்ப் ரூமில், கவிழ்த்த பக்கெட்டின் மேல் தாளை வைத்து எழுதினேன். பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. கீழே ஒரே வாக்கியம்: "மேற்படி ஒன்பது ஆண்டுகளும் இவர் பணிக்கு வராததற்குக் காரணம் இவர் அல்லர், இதில் கையெழுத்திடும் நான்." என் பெயர், விலாசம், கையெழுத்து. உரக்கப் படிக்கச் சொன்னார். மோட்டார் சத்தத்துக்கு மேல் படித்தேன். பக்கத்தில் அவர் கைநாட்டு வைக்கப் போகிறார் என்று நினைத்து மைப்பெட்டியைத் திறந்தேன். பேனாவை வாங்கி, கா-வில் தொடங்கி, நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினார்.

அந்தக் கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை. அவர் வேலையில் இருக்கிறார்.

நான் தாளை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டித்தான் அவர் வால்வுக்குப் போக வேண்டும்.

"சரி, தள்ளு" என்றார். "கீழூருக்குத் தொறக்கணும்."